குழாயில் ஏறிய கட்டைவிரல்

என் வீட்டுக்காரர் பெயர் மகாராஜா. பெயரைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க வேண்டாம். பகலில் சீவலப்பேரியில் ஒரு கடையில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். கோயில் கொடைத் திருவிழாக்கள் வந்துவிட்டால் சிவகணேஷின் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிதார் வாசிக்கிறார். வாசிப்பதாக அவர்தான் சொல்லுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஒரு சத்தமும் கேட்டதில்லை.

அது என் காதின் குற்றமில்லை. எங்கள் பக்கத்துக் கொடைகளில் பனைக்குப் பனை குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஆற்றுக்கு அக்கரையில் பாடினாலும் எங்கள் மொட்டைமாடிக்கு எல்லாம் வந்து சேரும். பாடுகிற பெண் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கும். பேஸ் மட்டும் கேட்காது. அவ்வளவு கனத்த சத்தம் குழாயில் ஏறாதாம். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நெஞ்சுக்குள் லேசாக அதிரும், அத்தோடு சரி.

"நேத்து கச்சேரிக்குத்தான் போனியளா, இல்ல வேற எங்கயும் போனியளா?" என்று கேட்பேன். மனுஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

இந்த ஆனியில் சிவகணேஷ் வீட்டுக்கே வந்துவிட்டான். ஆர்கெஸ்ட்ராவும் அவனுடையது, கீபோர்டும் அவன்தான். நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "கோவிச்சுக்கிடாதியண்ணே. ஆடிக் கொடையோட பேஸை நிப்பாட்டிக்கிடுவோம். கீபோர்டுல இடது கையிலயே நான் வாசிச்சிருதேன். ஒங்க சத்தம் இருக்கா இல்லையான்னு கூட்டத்துல ஒருத்தனுக்கும் தெரியலை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிக் காப்பியோடு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நான் கேலி பண்ணுவேன், அது என் பாத்தியதை. இவன் யார்?

இவர், "தெரிஞ்சுதுன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒருத்தன் கேட்டாலும் போதும், நீங்க இருந்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான்.

அன்று பிடித்தது எங்கள் வீட்டைச் சனி. ஸ்லாப் என்று ஒரு வித்தையை இவர் செல்போனில் பார்த்தார். கட்டைவிரலின் பக்கத்து எலும்பால் தடித்த கம்பியை அடிக்க வேண்டும், ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பியைச் சுண்ட வேண்டும். கம்பி கிதாரின் கட்டையில் பட்டு டக்கென்று தெறிக்கும். "அந்த டக்கு குழாயில ஏறும்ட்டி" என்றார். முகமெல்லாம் பல்.

அடித்தார், அடித்தார், அப்படி அடித்தார். கிதார் கையில் இல்லாதபோது கேஸ் சிலிண்டரை அடித்தார். டவுன் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியை அடித்து, உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது, வேகம் வரவில்லை. கொஞ்சம் விரைவாகப் போனால் சத்தம் எல்லாம் குழைந்த சோறாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல் காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் பேர்வழி என்று தோசைக்கல்லில் அந்தக் கட்டைவிரலையே வைத்தார். கை துள்ளிக்கொண்டு வந்தது. நான் பதறிப்போய்த் தண்ணீரோடு ஓடினால் இவர் நின்று சிரிக்கிறார்.

"பாத்தியாட்டி? நான் எடுக்கவே இல்ல. தொட்ட ஒடனே அதுவா வந்துட்டு. நான் இம்புட்டு நாளும் கம்பிய அமுக்கிக்கிட்டுல்லா கெடந்திருக்கேன்."

அதன் பிறகு தோளை விட்டுவிட்டார். மணிக்கட்டை மட்டும் திருப்பி, தொட்டதும் விரலைத் துள்ள விட்டார். செல்போனில் டிக் டிக் என்று தாளம் வைத்து, அடி பிசகினால் இன்னும் பைய, சுத்தமாக வந்தால் ஒரு படி மேலே. ஆடி பிறப்பதற்குள் வீடே துள்ள ஆரம்பித்துவிட்டது. நானே வெங்காயத்தை அந்தத் தாளத்தில்தான் நறுக்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கொடை அக்கரை ஊரில். நான் போகவில்லை. அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் மாடியில் நின்றேன். இரண்டு பாட்டு போயிற்று. மூன்றாவது பாட்டில் பனைமரத்திலிருந்து வந்தது: டக்கு டடக்கு டக். எடுத்த சேலையை மறுபடி கொடியிலேயே போட்டேன்.

படக்கென்று அது நின்றுவிட்டது. மைக்செட்டுக்காரர் முத்துமாலையின் குரல் குழாயில் வந்தது. "எல்லாரும் மன்னிக்கணும். குழாயில எங்கயோ வயர் லூசு, டக்கு டக்குங்கு. அந்த லைனப் புடுங்கிட்டேன். நம்ம பையன் பனையில ஏறுதான். நீங்க பாடுங்க."

பாவி, பிடுங்கியது என் வீட்டுக்காரர் லைனை. சிவகணேஷின் இடது கையோடு பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாள் பட்ட பாடு இப்படியா முடியும்?

அப்போது கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தியது மைக்கில் விழுந்தது. "ஏலே, அந்த டக்கு எங்கலே?"

"வயர் லூசுவே" என்றார் முத்துமாலை.

"லூசாவே இருந்துட்டுப் போட்டும். அதப் போடும்வே. அது இல்லாம ஆட்டமே வரமாட்டக்கு."

ஒருத்தன் பத்துப் பேரானான், பத்துப் பேர் ஊரானார்கள். "டக்கப் போடு, டக்கப் போடு" என்று ஒரே கூப்பாடு. பாட்டே நின்றுவிட்டது. பிறகு சிவகணேஷ் பேசினான்.

"முத்துமாலை அண்ணாச்சி, அது வயர் இல்ல. எங்க பேஸ் கிதார், மகாராஜா அண்ணன். அவுக லைனக் குடுங்க. பனையில ஏறுனவன எறங்கச் சொல்லுங்க."

"எங்க பேஸ் கிதார்" என்றான். அதை மூன்று ஊருக்குக் கேட்கச் சொன்னான். அடுத்த நொடி டக்கு டடக்கு டக் என்று ஆற்றைத் தாண்டி வந்தது பாருங்கள், நான் ஒருத்தி மாடியில் தனியாக நின்று ஆடினேன்.

காலையில் இவர் ஒன்றும் தெரியாதவர்போல, "கச்சேரி இங்கன கேட்டுச்சா?" என்றார்.

"எங்க கேட்டுச்சு, ஏதோ வயர் லூசாக் கெடந்துச்சு" என்றேன்.

சிரித்துக்கொண்டே கட்டைவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாளம் போட்டு மாடிச் சுவரில் அடித்து வீங்கியிருந்த என் கட்டைவிரலை நீட்டினேன்.