சீர் கொண்டுபோன கார் உறுமியது

எழுமலையில் நாத்தனார் மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் சீரோடு போகும் கார் உறுமிக்கொண்டு போக வேண்டுமாம் என் கணவருக்கு. அவருடைய மெக்கானிக் நண்பன் அகலமான சைலன்சரும் புது ஏர் ஃபில்டரும் மாட்டினான். "இனி டர்போ தாராளமா மூச்சு விடும்ணே!"

உசிலம்பட்டி தாண்டி ஒரு பஸ்ஸை முந்தும்போது கார் திடீரென இழுவையை இழந்தது. எதிரே லாரி! லாரி டிரைவர் வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கியதால் பிழைத்தோம்.

இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தம் எல்லை மீறியதால், இன்ஜினைக் காக்கக் காரின் கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்ததாம். வேறொரு பட்டறையில் சொன்னார்கள். நம் மெக்கானிக் மேதாவியோ, "அம்புட்டு அழுத்தம் ஏறும்னு நெனைக்கல மதினி" என்று போனில் சிரித்தான்.

பழைய பாகங்களை மாட்டிய பிறகே காரில் ஏறினேன். அவன் வந்தால் இப்போது கேட்டைத் திறப்பதில்லை. அடுத்த சீருக்கு நானே மேளக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன். சத்தம்தானே வேண்டும்?