ஒரு கேன் தண்ணீர்

நைலான் துணியின் மேல் இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் ஒரு நாற்றம் எழுமே, அது இன்றைக்கும் என்னை வீட்டைவிட்டு வெளியே விரட்டிவிடும். என் கணவர் இதைப் பார்த்துச் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். உடம்போடு ஒட்டி உருகும் சட்டையை அவர் முகர்ந்ததில்லை.

நாங்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். மத்திகிரியில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டு ஒரே குழாயடியில் சமாதானமும் ஆகிவிடும் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவிடம் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், அத்திப்பள்ளியைத் தாண்டியிருந்த ஒரு தையல் கம்பெனிக்குக் காலையில் பெண்களைக் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வருவார். அந்தப் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. தெருவில் அதற்கு "ஷிப்டு வண்டி" என்று பெயர். முன் கண்ணாடியின் மேல்பக்கம் கண்ணன் தேரோட்டும் படம் ஒன்றை ஒட்டியிருந்த அப்பா, "அவரும் நம்மள மாதிரி டிரைவர்தான்" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

பலனைப் பாராமல் உன் வேலையைச் செய் என்பதுதான் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சாமி விஷயம். வீட்டுக் கூரை ஒழுகினால், பாத்திரம் வைப்பது நம் வேலை, நிற்பது மழையின் வேலை என்பார். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்து நான் அழுதபோது, ஓடினாயே, அது போதாதா என்று கேட்டார். அம்மாவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான்.

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில் காவிரித் தண்ணீர்த் தகராறு மறுபடி கிளம்பியது. எல்லையின் இரண்டு பக்கமும் வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்துத்தான் அடித்தார்கள். ஓசூரில் கர்நாடக வண்டிகளின் கண்ணாடியை நொறுக்கிவிட்டு வந்து எங்கள் தெரு அண்ணன்கள் டீக்கடையில் சிரித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்துக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்று பள்ளி விடுமுறை. காலையில் சாலை அமைதியாக இருந்ததால் அப்பா என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மதியம் திடீரென்று கம்பெனியை மூடிப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா நம்பர் பலகையில் சேற்றை அப்பிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

தைலமரத் தோப்பு ஒன்றின் ஓரம் சாலையின் குறுக்கே டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. வண்டி நிற்பதற்குள்ளேயே முதல் கல் முன் கண்ணாடியைப் பிளந்து, கண்ணனையும் குதிரைகளையும் சில்லுசில்லாக என் மடியில் கொட்டியது. அப்பாவைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். ஒருவன் இரும்புக் கம்பியால் அவர் வாயில் அடித்தான். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. தரையில் விழுந்தவரை மாற்றி மாற்றி உதைத்தார்கள். வயிற்றில் உதைத்தவன் தன் செருப்பு கழன்றதும் குனிந்து அதை நிதானமாக மாட்டிக்கொண்டு மறுபடி உதைத்தான். பெண்கள் அலறிக்கொண்டு தோப்புக்குள் ஓடினார்கள். நெற்றியில் ரத்தம் வழிய அம்மா என்னை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தின் பின்னால் தள்ளினாள்.

ஒல்லியாக, மீசை சரியாக அரும்பாத ஒருவன் பாட்டிலில் இருந்த பெட்ரோலைப் பின் சீட்டுகளில் ஊற்றினான். அவசரத்தில் பாதியைத் தன் மேலேயே சிந்திக்கொண்டது அவனுக்குத் தெரியவில்லை. தீக்குச்சியைக் கிழித்ததும் சீட்டும் பற்றியது, அவன் சட்டையும் பற்றியது. கூட வந்தவர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் சிதறி ஓடிவிட்டார்கள். அவன் "அம்மா" என்றுதான் கத்தினான். அதை வைத்து ஆள் எந்த மாநிலம் என்று சொல்லிவிட முடியாது.

அப்பா தவழ்ந்து எழுந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் ரேடியேட்டருக்கென்று எப்போதும் ஒரு கேன் தண்ணீர் வைத்திருப்பார், அதை இழுத்தெடுத்தார். அப்போது பின்பக்க இரண்டு சீட்டுகளில் மட்டும்தான் தீ இருந்தது. அந்த ஒரு கேன் போதும், வண்டி பிழைத்திருக்கும். "வண்டியில ஊத்துங்க, வண்டியில ஊத்துங்க" என்று அம்மா தொண்டை கிழியக் கத்தினாள். அவன் எரியட்டும் என்று நானும் கத்தினேன். இதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை. அவர்கள் என் அப்பாவை உதைத்திருந்தார்கள்.

அப்பா எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவனைக் கீழே தள்ளி, உடம்போடு ஒட்டி உருகிக்கொண்டிருந்த சட்டையை இரண்டு கைகளாலும் பிய்த்து எறிந்தார். பிறகு கேனைத் தூக்கி அவன் மேல் கவிழ்த்தார். அன்றைய சண்டை முழுக்கத் தண்ணீருக்காகத்தான். எங்களிடம் இருந்த தண்ணீர் அப்படிப் போயிற்று. போலீஸ் ஜீப் வந்தபோது வேன் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது, அப்பா சாலையோரத்தில் இரண்டு கைகளையும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

அவன் பிழைத்துக்கொண்டான். பிழைத்தவன், டிரைவர் தன் மேல் வண்டியை ஏற்ற வந்ததாகவும் அதில்தான் தீப்பிடித்ததாகவும் போலீசிடம் சொல்ல, வழக்கு அப்பா மேலேயே விழுந்தது. உடைந்த பல்லோடும் கட்டுப் போட்ட கைகளோடும் அப்பா ஆனேக்கல் கோர்ட்டுக்கு அலைந்தார். ஒரு நாள் கோர்ட்டிலிருந்து திரும்பிய அவர் கட்டுப் போட்ட கையால் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே அம்மா, இப்படிப்பட்டவனையா காப்பாற்றினீர்கள் என்று கேட்டாள்.

"தண்ணி ஊத்துனதுக்கு ரசீதா கேக்க முடியும்? ஊத்துறது நம்ம வேல" என்றார் அப்பா.

அம்மா சோற்றுக் கையை நிறுத்தினாள். "பலனப் பாக்காதீங்க, சரி. எதுல ஊத்தணும்னு பாத்திருக்கலாம்ல? அது உங்க கையிலதான இருந்துச்சு?"

அப்பா அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார். அம்மா கேட்டதுதான் நியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். வழக்கு வலுவில்லாமல் ஒருவழியாகத் தள்ளுபடியாயிற்று, ஆனால் அப்பா அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கை மடங்காததால் சிப்காட்டில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார். அம்மா அந்த வேனுக்காக அவரை மன்னிக்கவே இல்லை, மன்னித்ததாக நடிக்கவும் இல்லை.

இப்போது அந்தத் தைலமரத் தோப்பு இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. லாரிகள் மைல் கணக்கில் காத்துக் கிடந்த செக்போஸ்ட் போய்விட்டது, எங்கே எல்லை என்று தெரியாமலே மேம்பாலத்தில் தாண்டிவிடுகிறோம். அப்பாவின் விரல் ரேகைகளும் அன்றைக்கே போனவைதான். ரேஷன் கடையில் விரல் வைக்கும் மிஷின் வந்த பிறகுதான் அது எங்களுக்கு உறைத்தது. ஒவ்வொரு மாதமும் கட்டை விரலை வைப்பார், மிஷின் ஏற்காது, கடைக்காரர் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார், அப்போதும் ஏற்காது. கடைசியில் போனுக்கு வரும் நம்பரைச் சொல்லித்தான் அரிசி வாங்க வேண்டும். விழாது என்று தெரிந்தும் ஏன் வைக்கிறீர்கள் என்று போன மாதம் எரிச்சலோடு கேட்டேன்.

"வைக்கிறது நம்ம வேல" என்றார்.

நான் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தேன், அன்றைக்குப் போல இந்த முறையும் அவள் திருப்பிக் கேட்பாள் என்று. அவளோ அப்பாவின் கட்டை விரலைப் பிடித்து, முந்தானையால் அழுத்தித் துடைத்து, தானே மறுபடி மிஷினில் வைத்தாள்.