சில்லு இல்லாத வாகனம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் என் தம்பியைக் கொல்லப் பார்த்தேன். அன்பினால்தான்!

தம்பி குமரன் அஜக்ஸ் நகரத்தில் இருக்கிறான். நாற்பத்தாறு வயதில் மனிதர் வாங்கியது என்ன தெரியுமா? பாராமோட்டர். முதுகில் புத்தகப்பை மாதிரி ஒரு எஞ்சின். அதன் பின்னால் பெரிய காற்றாடி. கை பட்டுவிடாமல் சுற்றிவர வளையமும் வலையும். தலைக்கு மேலே துணியால் ஒரு சிறகு. ஓடினால் பறக்கலாமாம்!

புது வாகனம் என்றால், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்காமல் எங்கள் வீட்டில் யாரும் வெளிக்கிடுவதில்லை. அவன் பறக்கிற புல்வெளிக்கும் ஒன்று கொண்டு போயிருந்தேன்.

"அக்கா, இதுக்குச் சில்லே இல்லை. சும்மா விடுங்கோ."

விடுகிற ஆளா நான்? எல்லாவற்றையும் செக் பண்ணி முடித்து, எஞ்சினை மாட்டிக்கொண்டு நின்றான். இனிப் பின்பக்கம் அவனுக்குத் தெரியாது. தட்டிக்கொடுக்கிற சாட்டில் தேசிக்காயை நூலில் கோத்து வலையில் கட்டிவிட்டேன்.

ஓடினான். எழும்பினான். மரங்களுக்கு மேலே போய்விட்டான்.

வோக்கி டோக்கியோடு பக்கத்தில் நின்ற அவன் மனைவி சுதா சொன்னாள்: "இவர் ஒரு கயிறு தொங்கவும் விடமாட்டார் மச்சாள். காத்தாடி இழுத்துப்போடும். வலை கையைத்தான் மறிக்கும்... சின்னச் சாமான் உள்ள போய்ப் பட்டால் காத்தாடி சிதறிப்போம்."

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால்?

வோக்கி டோக்கியைப் பறித்தேன். "தம்பி, எஞ்சினை நிப்பாட்டு! பின்னால தேசிக்காய் கட்டிப்போட்டன்!"

சுதா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

திடீரென்று எஞ்சின் சத்தம் நின்றது. ஐயோ, விழப்போகிறான்!

"எஞ்சின் நிண்டாலும் சிறகு மிதக்கும்... மிதக்கும்..." சுதா முணுமுணுத்தாள். எனக்குச் சொன்னாளா, தனக்கா?

வட்டமடித்து, வட்டமடித்து இறங்கினான். நாலடி ஓடி முழங்காலில் விழுந்தான். உயிரோடு!

தேசிக்காய் வலைக்குள் புகுந்து, காற்றாடிக்கு நாலு விரல் தள்ளித் தொங்கியது. அந்த மெஷினில் வலை இருக்கிறது, அணைக்கப் பொத்தான் இருக்கிறது, அவசரத்துக்குப் பாரசூட்டும் இருக்கிறது. அக்காமாரிடமிருந்து காப்பாற்றத்தான் ஒன்றும் இல்லை.

நான் விக்கி விக்கி அழுதேன். அவன் ஏசவில்லை. தேசிக்காயை அறுத்தெடுத்து, நேரே என் காரடிக்குப் போய், முன் சில்லுக்குக் கீழே வைத்தான்.

"இதுக்குச் சில்லு இருக்கு அக்கா. வீட்டை வெளிக்கிடுங்கோ."

நசித்துவிட்டுத்தான் மார்க்கத்தில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தேன்.