எங்கள் பள்ளி இணையத்தின் விலை

மாங்காட்டில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிவந்தபோது, என் மகளைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தேன். தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்தவன் நான். அலுவலக நண்பர்களுக்கு மட்டும் அது வியப்பாக இருந்தது. அடுத்த வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் என்னையும் போட்டார்கள். குழுத் தலைவி அந்த ஊர்க்காரர். குடும்ப நிலமெல்லாம் மனைகளாகிவிட, பால் பூத் நடத்திவந்தார். அவர் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு.

ஒரு மதியம் கூட்டத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியை தன் கைப்பேசியை ஜன்னலில் வைத்திருந்தார். அதன் ஹாட்ஸ்பாட்டில்தான் பிள்ளைகள் இணையவழித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வகுப்பு வராந்தாவில் காத்திருந்தது. அரசு கொடுத்த மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இதுக்கு கவர்மெண்டு மாசாமாசம் துட்டு கட்டுதா, இல்லியா டீச்சர்?” என்று தலைவி கேட்டார்.

“கட்டுதும்மா. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. என்ன வேகம் தரணும்னும் தெரியாது. பில்லு இங்க வராது, மேலயே முடிஞ்சிரும்.”

அலுவலகத்துக்கு இணைய இணைப்புகள் வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை. விலையும் வேகமும் தெரியாமல் ஓர் இணைப்பை நான் வாங்கியதே இல்லை. என்ன தர வேண்டும் என்பதே தெரியாதபோது, எது குறைகிறது என்று எப்படிப் புகார் சொல்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விலை, வேகம், இதுவரை கட்டிய தொகை கேட்டு மனுப் போட்டேன். வணிக இரகசியம், தர இயலாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். விசாரணைக்கு அழைத்தார்கள். தலைவி பூத்தை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

விசாரித்த அதிகாரி மரியாதையானவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். “இது அரசுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம்மா. மூணாவது ஆளுக்குச் சொல்ல முடியாது.”

“நாங்க எப்டி சார் மூணாவது ஆளு?” என்றார் தலைவி. “எங்க புள்ளைங்கதான அங்க குந்திகினு கீதுங்க. எங்க ஊட்டு கரெண்டு பில்லுல ரேட்டு போட்டுத்தான வருது. இதுல மட்டும் மறைக்க இன்னா கீது?”

அவர் குரல் உயரவில்லை. அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, “கேட்டதைக் கொடுக்கச் சொல்லி எழுதுறேன்” என்றார்.

அந்த உத்தரவு வந்த சில நாட்களில், இணைய சேவை திருப்தியாக உள்ளது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி தலைமை ஆசிரியைக்கு மேலிருந்து சொன்னார்கள். அவர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார்.

“மாசத்துல பாதி நாள் லைன் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டேன். வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான் கூப்பிட்டேன்.”

“உங்களுக்கு ஓய்வு நெருங்குதே டீச்சர்” என்றேன்.

“இருக்கட்டும் தம்பி. இல்லாததை இருக்குன்னு எப்படி எழுதறது?”

அடுத்த மாதம் அவருக்குத் திருவள்ளூரைத் தாண்டி ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்தது. நிர்வாக நலன் கருதி என்று போட்டிருந்தார்கள். அவர் எழுதி அனுப்பியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. மனுவில் இருந்தது என் பெயர். பெட்டியைக் கட்டிக்கொண்டு போனது அவர்.

தகவல் அதற்குப் பிறகுதான் வந்தது. பெரிய ஊழல் ஒன்றை எதிர்பார்த்து உறையைப் பிரித்தேன். அப்படி எதுவும் இல்லை. விலை நியாயமானது, என் அலுவலகம் கொடுப்பதைவிடக் குறைவுகூட. லைன் இல்லாத நாட்களுக்கும் பிடித்தமில்லாமல் பணம் போயிருந்தது, அவ்வளவுதான். ஊழல் இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருக்கக்கூடிய விஷயத்துக்காகவா இத்தனையும் என்று நினைத்தபோது மனசு கனத்துப்போனது.

அடுத்த கூட்டத்தில் பெற்றோர் முன்னால் அதை வாசித்தேன். ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருந்த வேகத்தைக் காட்டிப் புகார் எழுதினோம். ஆட்கள் வந்து மோடத்தையும் கேபிளையும் மாற்றினார்கள். இப்போது பெரும்பாலும் வேலை செய்கிறது.

அதைச் சொல்ல நானும் தலைவியும் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனோம். பஸ் மாறி மாறிப் போக வேண்டிய ஊர். அவர் இளைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக விசாரித்தார். லைன் வந்தது கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

“இங்க எப்படி டீச்சர்?” என்று கேட்டேன்.

“இங்க லைனே வரல தம்பி. வந்துட்டதா மேல பதிவாகியிருக்காம்.”

தலைவி என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், “இந்தவாட்டி மனு என் பேர்ல போடறேன் டீச்சர். நீங்க ஒண்ணியும் எழுத வேணாம்” என்றார்.

தலைமை ஆசிரியை மைதானத்துப் பிள்ளைகளைப் பார்த்தார்.

“போடும்மா. மேலயிருந்து என்னைக் கேட்டா நானும் உள்ளதைத்தான் எழுதுவேன்” என்றார்.