எசன் மாமாவும் ஹாகன் மாமாவும் கைகுலுக்கிய நாள்

எங்கள் குடும்பத்தில் மாமாக்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் உண்டு. எசன் நகரத்தில் இருந்த அம்மாவின் அண்ணன் எசன் மாமா. ஹாகனில் இருந்த, அப்பாவின் அக்காவைக் கட்டியவர் ஹாகன் மாமா. இரண்டுக்கும் நடுவே வுப்பர்டாலில், தொங்குரயில் போகும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிற ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இருந்தோம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான், தம்பி.

இரண்டு மாமாக்களும் பெரிய மனிதர்கள். எசன் மாமாவுக்குச் சொந்தமாகப் பலசரக்குக் கடை இருந்தது. ஹாகன் மாமா கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் மணவறை சோடித்து, வீடியோ எடுத்துக் கொடுப்பவர். அப்பாவை ஜெர்மனிக்குக் கூப்பிட்டு எடுத்தது ஹாகன் மாமா. அம்மாவைக் கூப்பிட்டு எடுத்தது எசன் மாமா. ஆகவே எங்கள் வீட்டைத் தான்தான் உண்டாக்கியதாக இருவரும் நம்பினார்கள். அவர்களுக்குள் ஊரில் ஏதோ நடந்ததாம். என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதில் ஒன்றுகூட மற்றதோடு பொருந்தாது.

சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. கோயில் திருவிழாவில் கண்டால் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "எப்பிடி அண்ணை சுகம்?" என்று இவர் கேட்பார். "உங்கட புண்ணியத்தில இருக்கிறம் அண்ணை" என்று அவர் சொல்வார். இருவரும் ஒருவரை ஒருவர் அண்ணை என்றே அழைத்தார்கள். யார் மூத்தவர் என்பதைக்கூட விட்டுக்கொடுக்க முடியாமல்தான் அப்படி அழைத்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

சண்டை எல்லாம் எங்கள் வீட்டில்தான். ஹாகன் மாமா எங்களுக்கு ஒரு பெரிய பிரீசர் வாங்கிக்கொண்டுவந்து இறக்கினார். அதைக் கேள்விப்பட்ட எசன் மாமா அடுத்த சனிக்கிழமையே ஒரு தோல் சோபாவோடு வந்தார். சோபாவில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தபடி, "உந்தப் பிரீசர் கரண்டை விழுங்குமே தங்கச்சி. உன்ர மனிசனுக்கு ஹாகன் சொன்னால் சரிதானே" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருடைய கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அம்மாவும் அப்பாவும் தொடங்கிவிடுவார்கள். நானும் தம்பியும் அந்தத் தோல் சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வோம். நல்ல உயரமான சோபா அது, அதற்காவது எசன் மாமாவுக்கு நன்றி சொல்லவேண்டும்.

அம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங் செய்ய வேண்டும், அதாவது முறையாகத் தொழில் படித்து, சான்றிதழோடு வேலைக்குப் போகவேண்டும். அதற்காக வீட்டுக்குப் பக்கத்தில் ஜெர்மன் வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். அப்பாவோ "பிள்ளையள் வளரட்டும், பாப்பம்" என்பார். நாங்கள் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தோம், அப்பா பார்க்கத்தான் இல்லை. இந்த விஷயம் எசன் மாமாவின் காதுக்குப் போனதும், "என்ர தங்கச்சி கட்டாயம் படிக்கவேணும்" என்று எல்லா வீட்டிலும் சொல்லத் தொடங்கினார். ஹாகன் மாமாவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "பொம்பிளை வெளிக்கிட்டால் குடும்பம் என்னத்துக்கு ஆகும்?" என்று அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்றிலிருந்து அம்மாவின் படிப்பு, பிரீசர் சோபா வரிசையில் மூன்றாவது சாமானாகச் சேர்ந்துகொண்டது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதுதான் வரலாற்றுப் பாடத்தில் பனிப்போர் வந்தது. ஆசிரியை சுவரில் ஓர் உலகப்படத்தை விரித்தார். இரண்டு பெரிய நாடுகள், இருவரிடமும் உலகத்தை எரிக்கிற குண்டுகள். நேருக்கு நேர் மோதினால் இருவருமே மிஞ்சமாட்டார்கள் என்று தெரியும், அதனால் மோதவில்லை. பதிலுக்கு வேறு நாடுகளின் சண்டைக்குள் ஆயுதத்தையும் ஆலோசனையையும் அனுப்பினார்கள். கொரியா, வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான் எல்லாம் சிவப்பாக இருந்தன. ஜெர்மனியை நடுவால் பிரித்து இருபக்கமும் படைகள் நின்றன, ஆனால் இங்கே போர் மட்டும் வரவில்லை என்றார். படத்தில் இலங்கைக்கு நிறமே பூசவில்லை. இத்தனை வருடம் சண்டை பிடித்தும் எங்களை ஒரு பொருட்டாக மதிக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

நான் கையை உயர்த்தி, "அந்தச் சின்ன நாடுகளில் இருந்தவர்களுக்கு இது தெரியாதா?" என்று கேட்டேன். அவர்களுக்கும் சொந்தமாக ஒரு சண்டை இருந்தது, அது உண்மையான சண்டை, அதனால்தான் பெரியவர்களுக்கு உள்ளே நுழைவது சுலபமாக இருந்தது என்றார் ஆசிரியை. அந்தப் பதிலின் முதல் பாதியை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. என் மண்டைக்குள் வெளிச்சம் அடித்துவிட்டது. அட, இது எங்கள் வீடு.

இன்னொன்றும் அந்த வகுப்பில் தெரிந்தது. அப்பா ரஷ்ய விமானத்தில் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்குக்கு வந்தவர். மறிக்கவேண்டியவர்கள் மறிக்காமல் விட்டதைப் பிள்ளையாரின் அருள் என்றுதான் வீட்டில் சொல்லுவார். மேற்குக்குத் தலையிடி கொடுக்க வேண்டும் என்றே கிழக்கு அப்படி ஆட்களை அனுப்பியதாக ஆசிரியை சொன்னார். நான் ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஆர் என்னத்துக்குத் திறந்தால் எனக்கென்ன, கதவு திறந்ததுதானே" என்றார்.

அந்தக் கோடையில்தான் எனக்குச் சாமத்தியவீடு. நான் பெரியபிள்ளையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. மண்டபம் கிடைக்கவேண்டும், பள்ளி விடுமுறை வரவேண்டும், கனடாச் சனத்துக்கு லீவு அமையவேண்டும். உடம்பு அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். ஹாகன் மாமா எனக்குப் பல்லக்கு ஒழுங்கு செய்தார். எசன் மாமா உடனே குதிரைவண்டி பிடித்தார். கடைசியில் கார்த்தரிப்பிடம் வரை குதிரைவண்டி, அங்கிருந்து மண்டப வாசல் வரை பல்லக்கு என்று முடிவாயிற்று. நடந்துபோனால் அரை நிமிடத் தூரம்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு நாள், அம்மா படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "இந்தச் சாமத்தியவீடு முடியட்டும். நான் எசனுக்குப் போறன். அண்ணை வீட்டில இருந்து படிக்கப் போறன்." அம்மா அதைக் கத்திச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று முதல் நான் சேலை, நகை, பல்லக்கு எதையும் நினைக்கவில்லை. அம்மா போய்விடக் கூடாது என்பது ஒன்றே நினைப்பு.

சடங்கில் முதலில் தண்ணீர் வார்த்தல். தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் செம்புத் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன் உரிமை என்பது அம்மா பக்கத்து முறை. தகப்பனின் அக்காவும் அவர் கணவரும்தான் செய்யவேண்டும் என்று அப்பா பக்கத்தில் சொன்னார்கள். பிரச்சினையைத் தவிர்க்கிறேன் என்று அம்மா எசன் மாமாவுக்கு வாக்குக் கொடுத்தார். அதே நல்ல எண்ணத்தோடு அப்பா ஹாகன் மாமாவுக்கு வாக்குக் கொடுத்தார். ஒருவருக்கொருவர் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

மண்டபத்தின் பின்முற்றத்தில், பிளாஸ்டிக் வாழைமரங்களுக்கு நடுவே, குழந்தைகள் விளையாடுகிற காற்றடித்த நீச்சல் தொட்டி ஒன்றை வைத்து அதற்குள் என்னை உட்கார்த்தினார்கள். கோடை என்று பெயர்தான், நல்ல குளிர்காற்று. இடது பக்கத்தில் எசன் மாமா செம்போடு வந்து நின்றார். வலது பக்கத்தில் ஹாகன் மாமா செம்போடு வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

எனக்குப் பயமே இல்லை, ஆசைதான். இன்றைக்காவது இவர்கள் நேரே சண்டை பிடிக்கட்டும், ஒருவரையொருவர் வாயாரத் திட்டட்டும், அதோடு எங்கள் வீடு தப்பிவிடும் என்று கும்பிட்டேன்.

"நீங்கள் தண்ணி வாருங்கோ அண்ணை" என்றார் எசன் மாமா.

"இல்லையில்லை, நீங்கள்தான் தாய்மாமன், நீங்கள் வாருங்கோ" என்றார் ஹாகன் மாமா.

"அதென்ன கதை, மண்டபமே நீங்கள் சோடிச்சது."

மாறிமாறி உபசாரம் நடந்தது. செம்பு மட்டும் ஒருவர் கையிலிருந்தும் இறங்கவில்லை. எனக்குப் பல் கிட்டியது. அப்போதுதான் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அத்தான்தான் வார்க்கிறது எண்டு நான் சொன்னனான். உமக்கு உம்மட அண்ணன்தான் பெரிசு."

"உங்களுக்கு அத்தானைவிட்டால் உலகத்தில ஆரும் இல்லை. இந்தப் பதினாறு வருசத்தில என்ர விருப்பம் ஒண்டாவது கேட்டிருக்கிறியளோ?"

அத்தனை சனத்துக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் சண்டை பிடித்தது அதுதான் முதல்தடவை. சோபா இல்லாததால் எனக்கு ஒளிய இடமில்லை. மாமாக்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, "சீ, சனம் பாக்குது" என்று ஒரே நேரத்தில் கவலைப்பட்டார்கள். கடைசியில் வீடியோக்காரப் பெடியன் பொறுமையிழந்து, "பிள்ளை விறைக்குது, ரெண்டு பேரும் சேந்து ஊத்துங்கோ, இஞ்சை பாருங்கோ" என்றான். உடனே இருவரும் கமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஒன்றாக வார்த்தார்கள். அந்தப் படம் இன்னும் அப்பாவின் வீட்டில் தொங்குகிறது. அதில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

மறுநாளே அம்மா எசனுக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் திரும்பிவருவார் என்று தம்பிக்குச் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. அப்பா முட்டை பொரித்துத் தந்தார், காலையிலும் முட்டை, இரவும் முட்டை. நான் தம்பிக்குச் சோறூட்டும்போது அழுகை வந்தால் பிரீசரைத் திறந்து அதற்குள் எதையாவது தேடுவேன்.

வீடு வீடாகத் தங்கச்சியின் படிப்புக்காக வாதாடிய எசன் மாமாவுக்கு, தங்கச்சி பெட்டியோடு வீட்டில் வந்து இருப்பது வேறு விஷயமாக இருந்தது. மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடையில் சனம் கேட்கத் தொடங்கியது. ஹாகன் மாமாவுக்கும் சங்கடம், மச்சான் குடும்பம் பிரிந்தது தன்னால்தான் என்று பேச்சு வந்துவிட்டது. ஆகவே, எனக்குத் தெரிந்து முதல்தடவையாக, ஒருவர் மற்றவருக்கு நேரே தொலைபேசி எடுத்தார். ஒரே பேச்சில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எசன் மாமாவின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஹாகன் மாமாவின் கார். நானும் தம்பியும் யன்னலால் எட்டிப் பார்த்தோம். இருவரும் நடைபாதையில் நின்று கைகுலுக்கினார்கள், பிறகு கட்டிப்பிடித்தார்கள். அம்மா பெட்டியை இறக்கி அவர்களைக் கடந்து உள்ளே வந்தார். நான் படியில் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதுவரை எனக்கு வந்ததில்லை.

மாமாக்கள் தோல் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தார்கள். அப்பா எதிரே சாப்பாட்டுக் கதிரையில் இருந்தார். "அவுஸ்பில்டுங் எல்லாம் பிறகு ஆறுதலாப் பாப்பம். முதல் குடும்பம்" என்றார் ஹாகன் மாமா. "ஓம், அதுதான் சரி" என்றார் எசன் மாமா. அப்பா தலையாட்டினார். அம்மா சமையலறை வாசலில் நின்று, "சீனி போடவோ அண்ணை?" என்று கேட்டார். "ஓம்" என்று இருவரும் சொன்னார்கள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய அந்த வாரம்தான், பாதியில் நின்ற பனிப்போர்ப் பாடம் முடிந்திருந்தது. சுவர் விழுந்தது, தலைவர்கள் கைகுலுக்கினார்கள், போர் முடிந்தது என்று ஆசிரியை சொன்னபோது, என் பக்கத்தில் இருக்கும் ஆப்கானிஸ்தான் பிள்ளை "எங்கே முடிந்தது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மணி அடித்துவிட்டதால் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

மாமாக்கள் போனபிறகு அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றார். ஜெர்மன் வகுப்புக்குக் கொண்டுபோகும் பை பெட்டிக்குள்ளேயே இருந்தது, அதை வெளியே எடுக்கவில்லை. நான் துடைக்கிற துணியோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, இனி வீட்டில சண்டை வராதுதானே?"

அம்மா குழாயை மூடவில்லை. "இனி ஆரை நம்பிப் பிள்ளை நான் சண்டை பிடிக்கிறது?" என்றார்.

அதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். சோபாவில் போய் இரண்டு காலையும் நீட்டிப் படுத்து, சோதனைக்குப் படிக்க வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில், சுவருக்கு மேலே ஏறி நின்றுகொண்டு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.