சரோஜா அக்காவின் கணினி பேசாமல் போனபோது

பிரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் நிலையம் நடத்தும் சரோஜா அக்காவுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை அவருடைய கணினிதான் தமிழில் வாசித்துச் சொல்லும். அதில் அப்டேட் செய்தால் மொத்த சிஸ்டமும் ஒரேயடியாக மாறும். பழையதும் அழியாமல் உள்ளே இருக்கும். அவருடைய கணினியைப் பார்த்துக்கொள்பவன் நான். தமிழ்க் குரல் மட்டும் நான் மேலே தனியாகச் சேர்த்த பேக்கேஜ், அதாவது ஒரு மென்பொருள். அன்று நான் அப்டேட் போட்டபோது அது இடைஞ்சலாக நின்றது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று கழற்றிவிட்டேன். அப்டேட் முடிந்து திரும்பச் சேர்க்கப் பார்த்தால், புதிய சிஸ்டம் அதை ஏற்கவே இல்லை.

எனக்குத் திரை பளிச்சென்று தெரிந்தது. அக்கா காத்திருந்தார்.

“என்னா தம்பி, சத்தமே காணோம்?”

அவர் கணினியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடா இருக்கு, ஓடுது லா. பயப்படாத, மெதுவா பாரு.”

பயப்பட வேண்டியவர் எனக்குத் தைரியம் சொன்னார்.

கணினியை மறுபடி தொடங்கி, குரலைக் கழற்றும் முன் இருந்த பழைய சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். “வணக்கம்” என்றது அந்தக் குரல்.

“வந்துட்டியா?” என்று அதனிடமே கேட்டுச் சிரித்தார் அக்கா.

இப்போதெல்லாம் அவர் கணினிக்கு அப்டேட் போடும்போது திரையை அணைத்துவிடுகிறேன். குரல் வரும்வரை நானும் அவரைப் போலக் காதை மட்டும் நம்பி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.