தக்கலை இறக்கத்தில் ஒரு ஹாரன்

"வழி விடுங்க! ஏலே, வழி விடுங்கலே!"

ரெனிஷ் தொண்டை கிழியக் கத்தினான். இடது கையால் ஆட்டோவின் தகரத்தைப் படார் படாரென்று அடித்தான். தக்கலை சந்திப்பில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. பின் சீட்டில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சரிந்து கிடந்தாள். பெரிய முதுகுப்பை இன்னும் தோளில்தான் இருந்தது. அதன் ஓரத்திலிருந்து... சொட்டு... சொட்டாக... சிவப்பாக.

மணி மாலை 5.52.

"என்னாச்சு மக்கா?" டீக்கடையிலிருந்து யாரோ ஓடி வந்தார்.

"வெள்ளை டெம்போ... அடிச்சிட்டு நிக்காமப் போய்ட்டான்!"

5.59க்கு ஆஸ்பத்திரி. 6.20க்கு டாக்டர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்.

இது கற்பனை இல்லை. ரெனிஷ் இன்றும் உயிரோடு இருக்கிறான். அவன் வாயால் சொல்லக் கேட்டதை, மணி நிமிஷம் மாறாமல் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அந்தப் பெண்ணை அவனுக்கு ஒன்பது நாளாகத் தெரியும்.

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வந்து இறங்கியவள், இருபத்தைந்து நிமிஷம் ரோட்டோரமே நின்றாள். எதிரில் அவள் தங்க வேண்டிய லாட்ஜ். நடுவில் பஸ், லாரி, மூன்று பேரும் ஒரு கேஸ் சிலிண்டருமாக ஒரு பைக். ஒரு காலை வைப்பாள். எடுத்துவிடுவாள். மறுபடி வைப்பாள். ஆட்டோ ஸ்டாண்டில் ரெனிஷும் கூட்டாளி பெனினும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ரெனிஷுக்கே பாவமாகப் போயிற்று. தோஹாவில் ஐந்து வருஷம் டிரைவராக இருந்த இங்கிலீஷ் கையில் இருந்தது. போனான்.

"அங்க போக ஆட்டோ வேண்டாம். தைரியம் போதும். பேரென்ன?"

"ஹில்டா. நார்வே."

"ஹில்டாவா? எங்க மாமி பேரும் ஹில்டாவாக்கும்!"

அவள் நம்பவில்லை. அவன் மாமிக்கே போன் போட்டுக் கொடுத்தான்.

அன்றைக்கே பாடம் ஆரம்பித்துவிட்டது.

"ஒண்ணு, கையைத் தாழ்த்தி நீட்டு. இப்படி. ரெண்டு, ஓடவும் கூடாது, பின்னால போகவும் கூடாது. ஒரே நடை. மூணு, டிரைவர் மூஞ்சியப் பாக்கவே கூடாது. பாத்தியானா, 'இவ நம்மளக் கண்டுட்டா, நின்னுக்கிடுவா'ன்னு அவன் விட்டு அடிச்சிட்டுப் போவான்."

"பார்க்காமல் வண்டி வருவது எப்படித் தெரியும்?"

"காது எதுக்கு இருக்கு? எங்க ஊர்ல சத்தம் போடாத வண்டி உண்டா?"

எட்டாம் நாள் அவள் போனைப் பார்த்துக்கொண்டே, கையை நீட்டி, ராணி மாதிரி ரோட்டைக் கடந்தாள். லாரி நின்றது. பெனின் விசில் அடித்தான்.

"இவ இனி நம்ம ஊர்க்காரியாக்கும். ஒரு ரேஷன் கார்டு எடுத்துக் குடுலே!"

ஒன்பதாம் நாள், பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போனாள். சாயங்காலம் தக்கலை இறக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தான், தானே வந்து ஏற்றிக்கொள்வதாக.

அங்கேதான் அது நடந்தது.

அதற்குப் பிறகு ரெனிஷ் பெரிய மனிதன் ஆகிவிட்டான். ஸ்டாண்டில் அவன் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். சர்ச்சில் பாஸ்டர் பேர் சொல்லி ஜெபித்தார். நார்வேயிலிருந்து வந்த அவள் அப்பா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "என் மகள் தனியாகச் சாகவில்லை. நீ இருந்தாய்" என்றார். ரெனிஷ் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சோறு இறங்கவில்லை. ஃபிளெக்ஸ் பக்கம் முகத்தைத் திருப்பவே கூசியது. 'நான் அந்தப் பாடத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால்...' நினைப்பு அங்கே தொடங்கும். அதற்கு மேல் போக விடமாட்டான்.

அவள் செத்த பதினோராம் நாள் போன் வந்தது. தக்கலை ஸ்டேஷன் எஸ்.ஐ.

"வெள்ளை டெம்போ ஒண்ணு மாட்டியிருக்கு. சுயம்புராஜ்னு ஒருத்தன். நான் இல்லைன்னு அழுறான். நீ வந்து அடையாளம் காட்டினாப் போதும், உள்ள தள்ளிருவோம்."

"வாறேன் சார்."

மணி 5.04. வடசேரி. வெயில் இன்னும் இருந்தது. ரெனிஷ் ஆட்டோவில் உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ் பிரேக் போட்டது.

குறுக்கே ஆள் யாரும் இல்லை.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பைக் நின்றது. பிறகு ஒரு லாரி. வண்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி... நகர்ந்தது. ஓடவில்லை. பின்வாங்கவில்லை. ஒரே நடை.

நடு ரோட்டைத் தாண்டியது.

இந்தப் பக்கத்து வண்டிகளும் ஒவ்வொன்றாக நின்றன.

நேராக அவன் ஆட்டோவை நோக்கி...

கிரீச்.

ஆட்டோவின் பின்பக்கம் அமுங்கியது. ஓர் ஆளும் ஒரு கனத்த பையும் ஏறினால் எவ்வளவு அமுங்குமோ, அவ்வளவு.

"பெனின்... என் வண்டில யாருலே?"

"ஒருத்தரும் இல்ல. ஏன்லே மூஞ்சி வெளுத்திருக்கு?"

ரெனிஷ் வண்டியை எடுத்தான். வழி முழுக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மூஞ்சியைப் பார்க்கக் கூடாதென்று சொல்லிக் கொடுத்தவனே அவன்தானே.

5.45. தக்கலை இறக்கம்.

பதினொரு நாளாக அந்தப் பக்கமே வராதவன். ஆனாலும் கைக்குப் பழக்கம் போகவில்லை. இறக்கம் வந்ததும், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று, அது தானாகச் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தது.

சத்தம் நின்றது.

சக்கரம் உருளும் மெல்லிய இரைச்சல் மட்டும்... ஸ்ஸ்ஸ்...

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

முன்னால் ரோட்டோரம் ஒரு பெண்பிள்ளை. கையில் காய்கறிப் பை. இவன் பக்கம் பார்க்கவில்லை. கையைத் தாழ்த்தி நீட்டினாள்.

ரோட்டில் இறங்கினாள்.

ரெனிஷின் கால் பிரேக்கில் மரத்துக் கிடந்தது. வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. பத்தடி... ஆறடி...

பாஆஆஆம்!

ஹாரன்.

அவள் துள்ளிப் பின்னால் விழுந்தாள். கால் உயிர் பெற்றது. ஒரு சாண் தள்ளி ஆட்டோ நின்றது.

"ஏலே சவமே!" அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அந்த இறக்கத்தோர வீட்டுப் பூங்கனி. "ஹாரன் அடிக்கத் தெரிஞ்சவனுக்கு, இன்ஜினை அணைக்காம வரத் தெரியாதா? அந்த வெள்ளைக்காரப் பிள்ளை அடிபட்டதும் இஞ்சதானேலே!"

ரெனிஷ் இறங்கினான். குனிந்து வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் பார்த்தான்.

இரண்டு ஒயர். நுனியில் கறுப்பு டேப்.

ஹாரன் இல்லை.

அது கெட்டுப்போய்க் கழற்றி ஒரு மாசம் ஆகிறது. நாளை மாட்டலாம், நாளை மாட்டலாம் என்றே தள்ளிக்கொண்டிருந்தான்.

கிரீச். பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. யாரோ இறங்கியது போல.

6.05. ஸ்டேஷன். தரையில் உட்கார்ந்திருந்த சுயம்புராஜ் எழுந்து கும்பிட்டான்.

"அண்ணே, அன்னைக்கு நான் மணவாளக்குறிச்சில மீன் ஏத்திட்டு நின்னேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்கண்ணே..."

"நீ சும்மா இருடே" என்றார் எஸ்.ஐ. "ரெனிஷ், இவன் வண்டிதானே?"

"இல்ல சார்."

"பின்ன எது?"

ரெனிஷ் கையைத் தாழ்த்தி நீட்டினான். ஜன்னலுக்கு வெளியே, கேட் ஓரமாக, அவன் ஆட்டோ நின்றது.

"டெம்போவே இல்ல சார். இன்ஜினை அணைச்சு, ஹாரனும் இல்லாம, சத்தமே காட்டாம இறங்கி வந்தது நானாக்கும். நான் வந்துட்டனான்னு பாக்கக்கூட அவ திரும்பல. நான் சொன்னபடியே கையை நீட்டிக்கிட்டு இறங்கினா."

எஸ்.ஐ. ஃபைலைத் திறந்து ஒரு தாளை அவன் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெனிலா எழுதிக் கொடுத்தது. ஹில்டா கடைசியாகப் பேசிய பேச்சு. மயக்கத்தில் உளறியது என்று இதுவரை யாரும் பொருட்படுத்தாத இரண்டு வரி.

"நன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன். சத்தமே வரவில்லை. ரெனிஷிடம் கேளுங்கள்... நான் தப்பாகக் கடந்துவிட்டேனா?"